சாவி வாங்காத அண்ணி

முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். பழத்தோட்டத்தின் இரும்புக் கேட்டை என் அண்ணன் சாவி போட்டுத் திறந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். கூட வரும் அண்ணி அந்தத் திறந்த கேட்டுக்குள் போக மாட்டார். கேட்டுத் தூணுக்கும் வேலிச் செடிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் திரும்பி அந்தச் சந்து வழியாகத்தான் அந்தப் பக்கம் போவார். அண்ணி ஒன்றும் ஒல்லியானவர் அல்ல. போய்ச் சேர்ந்ததும் சட்டையில் ஒட்டிய முள்ளை உதறிவிட்டு, "ம், பூட்டுங்க" என்பார். அண்ணன் பூட்டுவார். பிறகு இருவரும் ஒன்றுமே நடக்காத மாதிரி பேசிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள்.

நான் பேருந்து ஓட்டுநர். கேட்டுக்கு எதிரே, சுகாதார நிலைய வாசலில் என் வண்டி நிற்கும். மாலையில் கண்ணாடி வழியாக இந்தக் கூத்தை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். "யாருங்க அந்தம்மா, நல்லாத்தானே இருக்காங்க?" என்று பயணிகள் கேட்பார்கள். நல்லாத்தான் இருக்கிறார், என் சொந்த அண்ணி என்று சொல்வேன். அதற்கு மேல் கதை சொல்ல ஆரம்பித்தால் வண்டி ஊர் போய்ச் சேராது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சுகாதார நிலையத்தில் தொலைபேசி இணைப்பு கொடுப்பவர். மைக்கில் டோக்கன் எண்களைக் கூப்பிடுவதும் அவர்தான். அந்தக் குரலில் தன் எண்ணைக் கேட்டாலே பாதி நோய் தீர்ந்துவிடும் என்று சொல்கிற நோயாளிகள் உண்டு. அண்ணி அதே கட்டடத்தின் பின்பக்கம் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ரத்தம் பட்ட விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு, அலசி, பிழிந்து, இஸ்திரி போட்டு அடுக்குகிற வேலை. ஒரு நாள் சுடுநீர் வரவில்லை என்று புகார் சொல்ல அண்ணி போனை எடுத்தார். எடுத்த எடுப்பில் திட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன், "சொன்னதுக்கு நன்றிங்க" என்றாராம். திட்டினதற்கு நன்றி சொல்கிற மனுஷன் யார் என்று பார்க்க அண்ணி மாடி ஏறி வந்தார். கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவர்கள் வீடு, தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அங்கிருந்து நிலையத்துக்கு இரண்டு வழி. ஒன்று தார்ச்சாலை. அது கல்குவாரியைச் சுற்றிக்கொண்டு வரும். ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது. லாரிகள் உரசிக்கொண்டு போகும். பேருந்து ஓட்டுகிற நானே அந்த வளைவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவேன். இன்னொன்று தோட்டத்தின் நடுவே போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் வேலிச் செடி, இன்னொரு பக்கம் வாய்க்கால், நடுவில் பம்பு அறையின் இரைச்சல். வேலியில் கைத்தடியை உரசவிட்டுக்கொண்டு அண்ணன் தனியாகவே போய்விடுவார். அண்ணிக்கு விடிந்தும் விடியாததுமாக வேலை தொடங்கிவிடும் என்பதால், காலையில் அவர் எப்போதும் தனியாகத்தான் போவார். மாலையில்தான் இருவரும் சேர்ந்து திரும்புவார்கள்.

தோட்டத்துப் பெரியவர் இருந்தவரை இந்தப் பாதையைப் பற்றி யாரும் பேசினதே இல்லை. நடக்கலாம் என்று அவர் சொன்னதில்லை, நடக்கட்டுமா என்று யாரும் கேட்டதில்லை. எதிரில் வந்தால், "மழை வரும்போல" என்பார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அவருக்குப் பிறகு மகன் வந்தார். சின்னவர் என்று எல்லோரும் சொல்வார்கள். படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. பழம் திருட்டுப் போகிறது என்று சாலை ஓரத்தில் இரும்புக் கேட் போட்டார். போட்ட கையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே சாவி எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் வந்தது அண்ணன் வீட்டுக்கு. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"முதல் சாவி உங்களுக்குத்தான் சார்" என்று அண்ணன் உள்ளங்கையில் வைத்தார்.

"ரொம்ப நன்றிங்க. ரொம்ப ரொம்ப நன்றி" என்றார் அண்ணன், எழுந்து நின்று.

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் ஒரு சாவி நீண்டது.

"இது எதுக்குங்க?"

"கேட்டுக்கும்மா. நீங்க எப்பவும்போல போய் வரலாம். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

"எப்பவும் போறதுதானே. உங்க ஆட்சேபணை எங்கேருந்து நடுவுல வந்துச்சு?"

சின்னவர் சிரித்தார். சாவியை மேசை மேல் வைத்தார். அண்ணி அதை எடுத்து, அவர் கையிலேயே திருப்பி வைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ கருகிக்கொண்டிருந்தது.

தெரு முழுக்க இதே பேச்சு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாள் என்றார்கள். ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதவள் என்றார்கள். "ஒரு சாவிதானே அண்ணி, வாங்கி ஆணியில மாட்டி வெச்சா என்ன?" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நான் வாங்கினா அவன் குடுத்தவன் ஆயிடுவான் தம்பி" என்றார்.

அண்ணி பிடித்த முயலுக்கு மூன்றே கால். மேலே பேசிப் பயனில்லை என்று வண்டி எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

கேட்டில் ஒரு பலகை மாட்டினார்கள். 'தனியார் பாதை. உரிமையாளரின் அனுமதியோடு நடக்கலாம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி, அவருக்கு ஒரு நாற்காலி. மற்றவர்கள் பூட்டைத் திறந்து, காவலாளிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணி சந்தில் புகுந்து, காவலாளியை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் அவர், அவ்வளவுதான். மழையானாலும் வெயிலானாலும் இதில் மாற்றம் கிடையாது. ஒரு தடவை சந்தில் பாதியில் மாட்டிக்கொண்டபோது காவலாளியே எழுந்து வந்து, "கேட்டைத் திறக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். "உன் வேலையப் பாரு" என்று பதில் வந்ததாம்.

அண்ணி போகப் போகச் சந்து அகலமானது. சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த பெண்கள் சாவி இல்லாதவர்கள். அவர்களும் அதில் நுழைந்து போக ஆரம்பித்தார்கள். பேருந்திலிருந்து இறங்கி வரிசை வீடுகளில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், பால் கொண்டு போகிறவர், தபால்காரர் என்று பலரும் கேட்டை விட்டுவிட்டு அந்த வழியாகப் போனார்கள். அண்ணனால் மட்டும் முடியாது. அந்த இடத்தில் தரை சரிவாக இருந்தது. அவருக்குக் கேட்தான் வழி, கேட்டுக்குச் சாவிதான் வழி.

வருஷங்கள் போயின. சின்னவர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்குக் குடில் கட்டப் போகிறார்களாம். குடிலுக்கு வருகிறவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டுமே, அதனால் கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. சந்தைக் கம்பி போட்டு அடைத்தார்கள். யார் கையில் இருந்த சாவியும் செல்லவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் ஜனங்கள் தங்கள் குணத்தைக் காட்டினார்கள். பழத்தோட்டக்காரருக்கே ஒரு பழக்கூடை வாங்கிக்கொண்டு, குளித்து முழுகி, நல்ல துணி உடுத்திக்கொண்டு, கும்பலாகச் சின்னவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார்கள். இத்தனை வருஷம் பெரிய மனசு பண்ணி நடக்க விட்டீர்கள், இன்னும் கொஞ்சம் விடுங்கள் என்றார்கள். அவரும் மரியாதையாகக் காபி கொடுத்தார்.

"நான் செஞ்சது ஒரு உதவிதானே? அதை நிறுத்திக்க எனக்கு உரிமை இருக்கில்ல?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அண்ணி அந்தக் கூட்டத்தோடு போகவில்லை. போகச் சொன்ன அண்ணனோடு இரண்டு நாள் பேசவும் இல்லை.

அடி விழுந்தது அண்ணனுக்குத்தான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சாலை வழியாகச் சுற்றிப் போனார்கள். என் பேருந்து நேரம் அண்ணனின் வேலை நேரத்துக்கு ஒத்து வராது. அவருக்கு யாராவது ஸ்கூட்டரில் இடம் கொடுக்க வேண்டும். இன்று ஒருவர் கொடுப்பார், நாளை அவருக்கு வேறு வேலை இருக்கும். வாசலில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காத்து நிற்பார். ஒரு நாள் யாரும் வரவில்லை. தனியாகச் சாலையில் கிளம்பிவிட்டார். குவாரி வளைவில் ஒரு லாரி அவருடைய கைத்தடியை அடித்துக்கொண்டு போனது. தடி இரண்டாக முறிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முறிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றிருக்கிறார், யாராவது வருகிறவரை. நிலையத்தை நோக்கி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். அண்ணனை ஏற்றிக்கொண்டேன். நிலைய வாசலில் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது, "வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார். "எத்தன பேருக்குத்தான் தொந்தரவு குடுக்கறது?"

அண்ணி பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

என் வண்டியில் தினமும் நகரத்துக்குப் போகிற ஒரு வக்கீலம்மா உண்டு. நிலம், எல்லை, பாதை வழக்குகளாகப் பார்ப்பவர். முன் சீட்டில்தான் உட்காருவார். மறுநாள் வளைவு வந்ததும் மனசு தாங்காமல் நடந்ததைச் சொன்னேன். அந்த வாரமே வரிசை வீடுகளுக்கு வந்தார். அண்ணன் வீட்டு முன்னறையில் தெருவே கூடியது.

"யாரெல்லாம் சாவி வாங்கினீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

எல்லோரும் பெருமையாகக் கை தூக்கினார்கள். நல்லபடியாக நடந்துகொண்டோம் என்று நிரூபிக்கிற ஆவல். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு பாதையில ஜனங்க பல வருஷம் நடந்தா அது பொதுப்பாதை ஆயிடும். ஆனா மூணு விஷயம் இருக்கு. மறைஞ்சு மறைஞ்சு நடக்கக் கூடாது. பூட்டை உடைச்சு, சண்டை போட்டு நடக்கக் கூடாது. மூணாவது, அனுமதி வாங்கி நடக்கக் கூடாது. அனுமதி வாங்கிட்டா அது உரிமை இல்ல, சலுகை. குடுத்தவர் எப்ப வேணா எடுத்துக்கலாம்."

"மரியாதைக்கு வாங்கினோம்மா" என்றார் ஒருவர்.

"அந்த மரியாதைதான் இப்போ பிரச்சனை. இரும்புக் கேட் போடறதுக்கு முன்னாடி நீங்க நடந்த வருஷங்க சட்டத்துக்குக் கொஞ்சம் பத்தல. மிச்ச வருஷமெல்லாம் நீங்க சாவியோட நடந்திருக்கீங்க. அது கணக்குல வராது. போதாததுக்குக் கூடையத் தூக்கிட்டுக் கேக்க வேற போயிருக்கீங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. வக்கீலம்மா நம்பிக்கை இல்லாத குரலில், "சாவி வாங்காதவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார்.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் திமிர் பிடித்தவள் என்று சொன்ன வாய்கள் எல்லாம் திறந்தபடி இருந்தன. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எழுத்தில் வைக்க முடியாது. எழுந்து ஒரு கும்பிடு போடலாமா என்று தோன்றியது.

வக்கீலம்மா மனுப் போட்டார். விசாரணை அரசாங்கக் கட்டடத்தின் ஒரு சின்ன அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் நிலப்படம், கடகடவென்று சுற்றும் மின்விசிறி. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. தபால்காரரும் பால்காரரும் சலவைக்கூடத்துப் பெண்களும் வந்து, சந்து வழியாகத்தான் நடந்தோம், யாரையும் கேட்டதில்லை என்றார்கள். சின்னவரின் வக்கீல் விடவில்லை. இருக்க இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறார்கள் என்றார். சந்து வழியாகப் போனது திருட்டுத்தனமாகத்தானே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றார். காவலாளியைக் கூப்பிட்டார்கள். சின்னவரிடம் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் எங்கள் பக்கம் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

"அந்தம்மா மறைஞ்சு போவாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"மறைஞ்சா? தெனமும் என்னத் திட்டிட்டுத்தான் சார் போவாங்க. ரோட்டுல போறவனுக்கெல்லாம் கேக்கும்."

"ஏதாவது உடைச்சாங்களா, வெட்டினாங்களா?"

"ஒரு கிளையக்கூட ஒடிச்சதில்ல. அவங்க சட்டைதான் கிழியும்."

அந்த மனுஷன் நன்றாயிருக்கட்டும். அடுத்து அண்ணியை நிற்கச் சொன்னார்கள். சின்னவரின் வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "அம்மா, உங்க கணவர் கேட்டைத் திறந்து வெச்சுட்டு நிப்பார். தாராளமா அதுல போகலாம். தெனமும் முள்ளுல கிழிச்சுக்கிட்டு ஏன் அப்படிப் போனீங்க? ஒரு சாவி வாங்கிக்கறதுல என்ன குறைஞ்சு போச்சு?"

அண்ணி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். அன்று வக்கீலை விட்டுவிட்டு அதிகாரியைப் பார்த்துப் பேசினார்.

"இவர் பொறந்ததுலேருந்து நன்றி சொல்லிக்கிட்டே இருக்கார் ஐயா. ரோட்டத் தாண்ட யாராச்சும் கையப் பிடிச்சா நன்றி. பஸ்ல இடம் விட்டா நன்றி. சில்லறைய எண்ணிக் குடுத்தா நன்றி. கூட்டத்துல ஒருத்தர் நகர்ந்துக்கிட்டா அதுக்கு நன்றி. வேணாம்னாலும் வந்து தோளப் பிடிச்சு இழுப்பாங்க, அவங்களுக்கும் நன்றி. நான் சோறு போட்டாக்கூடச் சொல்லுவார், நான் கத்துவேன். இந்த ஒரு பாதையிலதான் யார் கையும் இல்லாம, யாருக்கும் நன்றி சொல்லாம நடந்துக்கிட்டிருந்தார். அதுக்கும் ஒரு சாவியக் குடுத்து, ஒரு நன்றிய வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அவர் குடுத்துட்டார், என்னால தடுக்க முடியல. என்கிட்டேருந்தாவது அந்த நன்றி கெடைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. அண்ணன் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சின்னவர் நிலப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இதுக்குச் சட்டத்துல இடமில்லம்மா" என்றார். "இருந்தாலும் எழுதிக்கறேன்."

உத்தரவு வர மாசக்கணக்கானது. அதற்குள் அண்ணன் இரண்டு தடவை ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார். அண்ணி இரண்டு தடவையும் எழுத மறுத்தார். கடைசியில் வந்தது. சாவி இல்லாத ஜனங்களும் யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, விடாமல் நடந்திருப்பதால் அது பொதுப்பாதை என்றது. பூட்டு போடக் கூடாது என்றது. கேட்டை எடுத்துவிட்டு, தள்ளினால் திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். தெருவில் எல்லோரும் அண்ணி கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். "போய் வேலையப் பாருங்க" என்றார் அண்ணி.

பாதை திறந்த முதல் நாள் மாலை நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி அடுப்படியில் நின்றார். அண்ணன் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, காலை நடந்ததைச் சொன்னார்.

"பம்பு ரூம் கிட்ட போறேன், சின்னவர் குரல் கேக்குது. 'நல்லா நடங்க சார், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல'ன்னார்."

அண்ணியின் கை நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"வந்து?"

"முழுங்கிட்டேன். 'குட் மார்னிங்'னு மட்டும் சொல்லிட்டு நடந்துக்கிட்டே இருந்தேன்."

அண்ணி அடுப்பை அணைத்தார். தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அண்ணன் பதறிப்போய், நாற்காலியை விட்டு இறங்கி, கையால் துழாவி அவர் தோளைப் பிடித்தார்.

"ஏன் அழற? நான் ஒண்ணும் மரியாதையில்லாமப் பேசலியே?"

"இல்லங்க" என்றார் அண்ணி. "சரியாத்தான் பேசியிருக்கீங்க."